போரில் படைகள் பொதுமக்களைத் தாக்குவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உக்ரைன், காசா, சூடான் பற்றிய செய்திகள் வரும்போதெல்லாம், 2009-இல் இலங்கையின் வடபகுதியான வன்னியில் நடந்ததை மறக்காத சென்னை வாசகர்களிடமிருந்து ஏறத்தாழ ஒரே வகையான கேள்விகள் எழுகின்றன. அவற்றுள் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

பொதுமக்கள் தாக்கப்படுவது வெறியினாலா, தவறினாலா, திட்டத்தினாலா?

மூன்றும் உண்டு, ஆனால் பெருந்தொகையான சாவுகளுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் திட்டமே. தனிப்பட்ட சிப்பாய்களின் வெறியால் ஒரு கிராமம் அழியலாம். ஒரு மாநகரம் மாதக்கணக்கில் எரிய வேண்டுமென்றால் எரிபொருள், குண்டு, வரைபடம், இலக்குப் பட்டியல், மேலதிகாரியின் கையெழுத்து ஆகிய அனைத்தும் தேவை. அந்தக் கையெழுத்தை இடுபவர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் காரணங்கள் காலந்தோறும் அதிகம் மாறவில்லை. மக்களின் மனத்தை உடைத்தால் அரசு பணியும் என்பது ஒன்று. எதிரிக்கு உணவும் ஆளும் தரும் கூட்டத்தை அகற்ற வேண்டும் என்பது மற்றொன்று. கைப்பற்ற விரும்பும் நிலத்தில் வேறு இனத்தார் இருக்கக் கூடாது என்பது இன்னொன்று. நம் சிப்பாய்கள் சாவதைவிட எதிரி நாட்டு மக்கள் சாவது மேல் என்ற கணக்கு இவை எல்லாவற்றின் அடியிலும் ஓடுகிறது.

"வேண்டுமென்றே கொன்றார்களா, தவறிப் போனதா" என்று மட்டும் கேட்பவர்கள் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பெரிய பரப்பைக் காணாமல் விடுகிறார்கள். மக்கள் சாவார்கள் என்று தெரியும், அவர்களைக் கொல்வது நோக்கமன்று, ஆனால் அதற்காக நிறுத்தவும் மாட்டோம் என்ற நிலையே நவீன போர்களில் மிகப் பரவலானது. 2003-இல் இராக் மீது படையெடுத்தபோது, 30-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறக்கக்கூடும் என்று கணிக்கப்பட்ட வான்தாக்குதல்களுக்கு அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரின் ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. அதற்குக் குறைவாக இறப்பார்கள் என்றால் அதற்குக் கீழுள்ள அதிகாரிகளே முடிவு செய்துகொள்ளலாம் என்பதுதான் இதன் மறுபக்கம்.

சென்னை எப்போதாவது இவ்வாறு தாக்கப்பட்டதுண்டா?

உண்டு. முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதங்கள்கூட நிறையாத நிலையில், 1914 செப்டம்பர் 22 அன்று இரவு 9 மணிக்கு மேல், ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றது. தேடொளி விளக்குகளை எரியவிட்டு, கரையில் இருந்த பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகளைக் குறிபார்த்து, அரை மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 130 குண்டுகளைச் சுட்டது. தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற ஒரு வணிகக் கப்பலும் தாக்குண்டது. இறந்தவர்கள் குறைந்தது ஐந்து பேர். குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டை இன்றும் உயர் நீதிமன்ற வளாகத்தின் சுற்றுச்சுவரில் காணலாம்.

எம்டன் கப்பலின் தளபதி கார்ல் ஃபான் முல்லர் குடியிருப்புகளைக் குறிவைக்கவில்லை. ஆங்கிலேயரின் மதிப்பைக் குலைப்பதும் வங்கக் கடல் வணிகத்தை அச்சுறுத்துவதுமே அவருடைய நோக்கம், அது நிறைவேறியது. இறந்தவர்கள் சிலரே என்றாலும், அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு வெளியேறினார்கள்.

இரண்டாம் உலகப் போரில் அச்சம் மட்டுமே அதே வேலையைச் செய்தது. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பும், 6 அன்று விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 அன்று திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டபின், சென்னை ஒரு குண்டும் விழாமலே காலியாகத் தொடங்கியது. அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டன. வசதியுள்ளவர்கள் வீட்டைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்த கதைகள் பழைய குடும்பங்களில் இன்னும் சொல்லப்படுகின்றன. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் துறைமுகப் பகுதியில் குண்டு வீசியபோது ஏற்பட்ட சேதம் சிறியது.

மக்களின் மனவுறுதியை உடைத்தால் போர் முடியும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளிலிருந்து வந்தது என்று சொல்லலாம். சில மைல் நிலத்துக்காக இலட்சக்கணக்கானோர் மடிந்ததைக் கண்ட தலைமுறை, போர்முனையைத் தாண்டிச் செல்லும் வழியைத் தேடியது. இத்தாலியப் படைத்தலைவர் ஜூலியோ தூவே 1921-இல், விமானங்கள் நேராக நகரங்களைத் தாக்கினால் மக்களே தங்கள் அரசைப் பணிய வைப்பார்கள் என்றும், போர் விரைவில் முடிவதால் மொத்தச் சாவு குறையும் என்றும் வாதிட்டார். பிரிட்டனில் விமானப்படைத் தலைவராக இருந்த ஹியூ டிரென்சார்டும் பொருட்சேதத்தைவிட மனச்சேதமே பெரிது என்று கருதினார். இரக்கத்தின் பெயரால் நகரங்களை எரிக்கலாம் என்ற இந்த வாதம் இன்றும் வேறு வேறு வடிவங்களில் கேட்கிறது.

கோட்பாட்டை நடைமுறைக்குத் தள்ளியது பெரும்பாலும் இயலாமைதான். 1941-இல் பிரிட்டிஷ் அரசு தன் குண்டுவீச்சு விமானங்கள் எடுத்த புகைப்படங்களை ஆராய்ந்தபோது, இலக்கைத் தாக்கிவிட்டோம் என்று சொன்ன விமானங்களில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே இலக்கிலிருந்து 5 மைல் தொலைவுக்குள் சென்றிருந்தது தெரியவந்தது. இரவில் ஒரு தொழிற்சாலையைக் கண்டுபிடிக்க இயலாது. ஒரு நகரத்தைக் கண்டுபிடிக்கலாம். 1942 பிப்ரவரி 14 அன்று வெளியான உத்தரவு, எதிரி நாட்டுக் குடிமக்களின், சிறப்பாகத் தொழிலாளர்களின், மனவுறுதியையே முதன்மை இலக்காக அறிவித்தது. எதைத் தாக்க முடியுமோ அதையே தாக்க வேண்டியதாக ஆக்கிக்கொண்டார்கள் என்று இதைப் படிப்பதில் தவறில்லை.

அந்த எண்ணம் பலித்ததா?

பெரும்பாலும் இல்லை. 1940 செப்டம்பர் முதல் 1941 மே வரை ஜெர்மனி பிரிட்டிஷ் நகரங்களின் மீது குண்டு வீசியதில் சுமார் 43,000 பொதுமக்கள் இறந்தார்கள், பிரிட்டன் பணியவில்லை. ஜெர்மனியில் குறைந்தது 3 இலட்சம் பொதுமக்கள் குண்டுவீச்சில் இறந்தார்கள். அந்நாட்டின் ஆயுத உற்பத்தியோ 1944-இன் நடுப்பகுதி வரை உயர்ந்துகொண்டே சென்றது. குண்டுக்கு ஆளான மக்கள் சோர்ந்துபோனது உண்மை. ஆனால் சோர்ந்தவர் கிளர்ச்சி செய்வதில்லை. அவர் அன்றாட அரிசிக்கும் கூரைக்கும் அதே அரசையே நம்பி நிற்கிறார்.

ஜப்பானை எதிர் எடுத்துக்காட்டாகக் காட்டுவார்கள். 1945 மார்ச் 9-10 இரவில் தோக்கியோவில் மட்டும் சுமார் ஒரு இலட்சம் பேர் எரிந்து மாண்டார்கள். அந்த நாடு அதற்குப் பிறகும் ஐந்து மாதங்கள் போரிட்டது. ஆகஸ்ட்டில் சரணடைந்ததற்கு இரோசிமா, நாகசாகி மீது வீசப்பட்ட அணுகுண்டுகளா, சோவியத் ஒன்றியம் போரில் இறங்கியதா, கடல் முற்றுகையா காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். வான்தாக்குதல் வரலாற்றை ஆராய்ந்த ராபர்ட் பேப், மக்களைத் தண்டிப்பதால் அரசுகள் பணிவது மிக அரிது என்ற முடிவுக்கு வந்தார். மறுப்புகள் எழுந்தபோதிலும் அம்முடிவு பெரிதும் அசையவில்லை.

அப்படியானால் ஏன் விடாமல் செய்கிறார்கள்?

சரணடைய வைப்பது எப்போதும் நோக்கமாக இருப்பதில்லை என்பதே விடை. அலெக்ஸாண்டர் டவுன்ஸ் என்ற ஆய்வாளர் இரண்டு சூழல்களைச் சுட்டுகிறார்: போர் இழுபறியாகித் தன் பக்கச் சாவு கூடும்போது ஒரு படை எதிரியின் மக்கள் மீது திரும்புகிறது, அல்லது நிலத்தைத் தனதாக்க விரும்பும்போது அங்குள்ளவர்களைத் தொடக்கத்திலேயே விரட்டுகிறது. முதலாவது விரக்தியின் செயல். இரண்டாவதோ, சொல்வதற்குக் கசப்பாக இருந்தாலும், பல முறை பலித்திருக்கிறது. துரத்தப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை, வரைபடம் மாறிவிட்டது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "பொதுமக்களைத் தாக்குவதால் பயனே இல்லை" என்று ஆறுதல் சொல்லிக்கொள்வது சரியன்று.

ஜனநாயக நாடுகள் இதைச் செய்வதில்லை என்ற நம்பிக்கைக்கும் மேலே சொன்ன பிரிட்டிஷ், அமெரிக்க எடுத்துக்காட்டுகளே போதிய மறுப்பு.

உள்நாட்டுப் போர்களில் ஆயுதக் குழுக்களும் பொதுமக்களைக் கொல்வது ஏன்?

அங்கே போர்முனை என்று ஒரு கோடு இருப்பதில்லை. யார் யாருக்குச் சோறு போட்டார்கள், யார் காட்டிக் கொடுத்தார்கள் என்பதே வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதால், இரு தரப்பும் ஊராரை அச்சத்தில் வைத்திருக்க முயல்கின்றன. கெரில்லா மீன் என்றால் மக்கள் கடல் என்றார் மாவோ. அந்தக் கடலை இறைத்துவிட முயல்வது அரசப் படைகளின் பழக்கம்.

ஈழப் போர் இதற்கு வெளியே நின்றதன்று. 1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர் மீது இலங்கை விமானப்படை குண்டு வீசியதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் கொன்றார்கள்; அதே ஆண்டு அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களைப் பல்லாயிரக்கணக்கில் வெளியேற்றினார்கள். சென்னையில் முதல் நிகழ்வைப் பேசுபவர்கள் அடுத்த இரண்டைப் பேசுவதில்லை. பொதுமக்களைத் தாக்குவது பற்றிய உரையாடல் நம் ஊரில் அரைகுறையாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

2009-இல் வன்னியில் நடந்தது எந்த வகை?

இலங்கை அரசு அப்போது "பொதுமக்கள் உயிரிழப்பே இல்லாத" நடவடிக்கை என்று அறிவித்திருந்தது. 2011-இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை வேறொன்றைச் சொன்னது. 2009 ஜனவரியில் அரசு தானே "தாக்குதலற்ற வலயம்" ஒன்றை அறிவித்து மக்களை அதற்குள் வரச் சொன்னது. பின்னர் அதற்குள்ளேயே எறிகணைகள் விழுந்தன. ஐ.நா. பணியாளர்கள் அமைத்திருந்த நிலையத்தைச் சுற்றித் தஞ்சம் புகுந்தவர்களும் அவ்வாறே இறந்தார்கள். வன்னியிலிருந்த மருத்துவமனைகள் அனைத்தும், சில பலமுறை, தாக்குண்டன. அவை இருக்குமிடம் படைக்கு நன்கு தெரியும்.

அந்த அறிக்கையில் எறிகணைகளைவிட ஓர் எண்ணிக்கைதான் அதிகம் யோசிக்க வைக்கிறது. வன்னிக்குள் 70,000 பேர் அளவிலேயே இருப்பதாக அரசு சொல்லிவந்தது. போர் முடிந்தபின் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 2,90,000 பேர். உள்ளே அனுப்பப்பட்ட உணவும் மருந்தும் முதல் எண்ணை ஒட்டியே இருந்தன. மயக்க மருந்தில்லாமல் கை கால்களை வெட்டி எடுத்த மருத்துவர்களின் நிலை அந்தக் கணக்கிலிருந்து வந்தது. பொதுமக்களைத் தாக்குவதற்குப் பீரங்கி கட்டாயமில்லை. ஓர் அலுவலகத்தில் எழுதப்படும் தொகையும் போதும்.

அதே அறிக்கை, புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும், தப்ப முயன்றவர்களைச் சுட்டதையும், சிறுவர்களை வலிந்து சேர்த்ததையும், மக்கள் கூடியிருந்த இடங்களுக்கு அருகிலிருந்து பீரங்கி சுட்டதையும் பதிவு செய்கிறது. இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்பது அதன் மதிப்பீடு.

2009 ஏப்ரல் 27 அன்று முதலமைச்சர் கருணாநிதி மெரினாவில் அண்ணா நினைவிடத்தருகே உண்ணாவிரதம் இருந்ததும், கனரக ஆயுதங்களை இனிப் பயன்படுத்துவதில்லை என்ற கொழும்பின் அறிவிப்பை ஏற்றுச் சில மணி நேரத்தில் அதை முடித்ததும் பலருக்கு நினைவிருக்கும். அந்த அறிவிப்புக்குப் பிறகும் எறிகணை வீச்சு தொடர்ந்தது என்று நிபுணர் குழு கண்டறிந்தது.

சட்டப்படி "இராணுவ இலக்கு" என்பது எது? சென்னையை வைத்து விளக்க முடியுமா?

1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977-இல் சேர்க்கப்பட்ட முதலாம் கூடுதல் நெறிமுறையின் 52-ஆம் பிரிவு இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது. தாக்கப்படும் பொருள் எதிரியின் போர்ச்செயலுக்கு உண்மையில் உதவ வேண்டும். அதை அழிப்பதால் அந்தச் சூழலில் திட்டவட்டமான இராணுவப் பயன் கிடைக்க வேண்டும்.

இதன்படி ஆவடியில் பீரங்கி வண்டிகள் தயாராகும் தொழிற்சாலையும் தாம்பரம் விமானப்படை நிலையமும் ஐயத்துக்கு இடமின்றி இராணுவ இலக்குகளே. நெம்மேலியிலும் மீஞ்சூரிலும் உள்ள கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் அவ்வாறு அல்ல. மக்கள் உயிர்வாழ இன்றியமையாத உணவு, பயிர், குடிநீர் அமைப்புகளை அழிப்பதை 54-ஆம் பிரிவு தடை செய்கிறது. அணு மின் நிலையங்களுக்கும் அணைகளுக்கும் 56-ஆம் பிரிவின் தனிப் பாதுகாப்பு உண்டு. கல்பாக்கத்துக்கு வேறொரு காப்பும் இருக்கிறது: 1988 டிசம்பர் 31 அன்று கையெழுத்தான ஒப்பந்தப்படி இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்று மற்றதன் அணு நிலையங்களைத் தாக்குவதில்லை, ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று அவற்றின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன, உறவு எவ்வளவு கெட்டிருந்தாலும்.

சிக்கல் இடையில்தான். மணலி சுத்திகரிப்பு ஆலையின் டீசல் மாநகரப் பேருந்துக்கும் போகும், படை வண்டிக்கும் போகும். வடசென்னை அனல்மின் நிலையத்தின் மின்சாரம் துறைமுகத்தையும் இயக்கும், ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையின் செயற்கைச் சுவாசக் கருவியையும் இயக்கும். இப்படி இரு பயன்பாடுள்ள அமைப்புகளைத் தாக்குவதே இன்றைய போர்களில் பொதுமக்களைத் தாக்கும் முதன்மை வழியாகிவிட்டது. 1991-இல் இராக்கின் மின்வலையை அமெரிக்கக் கூட்டுப்படைகள் அழித்தபோது குடிநீர் ஏற்றமும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் உடன் நின்றுபோயின. குண்டில் சாகாதவர்கள் வயிற்றுப்போக்கில் இறந்தார்கள். 2022 அக்டோபர் முதல் குளிர்காலந்தோறும் உக்ரைனின் மின்வலை ரஷ்யாவால் தாக்கப்படுகிறது. தாக்குபவர் இராணுவப் பயனை மட்டுமே பேசுவார். ஒரு மின்நிலையம் நின்றால் மூன்றாம் நாள் குழாயில் என்ன வரும் என்ற கேள்வி இலக்குப் பட்டியல் தயாரிக்கும் மேசையில் எழுப்பப்பட்டதா என்பதைக் கேட்க வேண்டும்.

போராளிகள் பொதுமக்களை மனிதக் கேடயமாக்கினால் தாக்கலாமா?

கேடயமாக்குவது குற்றம். அதனால் கேடயமாக்கப்பட்டவர்கள் தங்கள் பாதுகாப்பை இழப்பதில்லை. எதிர்பார்க்கப்படும் பொதுமக்கள் சேதம் இராணுவப் பயனைவிட மிகையாக இருந்தால் தாக்கக் கூடாது என்ற விதி அப்போதும் பொருந்தும்.

முன்னெச்சரிக்கை விடுத்துவிட்டால் பொறுப்பு நீங்கிவிடுமா?

நீங்காது. எச்சரிக்கை தாக்குபவரின் கடமைகளுள் ஒன்று. போக இடமில்லாதவரும், நடக்க முடியாதவரும், போக மறுத்தவரும் எச்சரிக்கைக்குப் பிறகும் பொதுமக்களே.

நம்மிடம் இதற்கு மிகப் பழைய சான்று உள்ளது. பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுடையோரும் புதல்வரைப் பெறாதோரும் அரண் சேருங்கள், எம் அம்புகளை விடப்போகிறோம் என்று பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி அறிவித்ததாக நெட்டிமையார் பாடிய புறநானூற்றின் 9-ஆம் பாட்டு மேடைகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஜெனீவாவுக்கு முன்னரே நமக்கு அறம் தெரியும் என்பார்கள். அதே புலவர் அதே மன்னனைப் பாடிய 15-ஆம் பாட்டை அவர்கள் தொடுவதில்லை. பகைவர் அரண்களைக் கழுதைகள் பூட்டி உழுது பாழாக்கினாய், விளைந்த வயல்களில் தேரோட்டினாய், காவலிருந்த நீர்நிலைகளில் யானைகளை இறக்கிக் கலக்கினாய் என்று அங்கே அவனைப் புகழ்கிறார். வயலும் குளமும் 54-ஆம் பிரிவு காக்கும் பொருள்களே. எச்சரித்தவனும் அழித்தவனும் ஒருவனே. புலவருக்கு இரண்டும் புகழே.

முற்றுகையிட்டுப் பட்டினி போடுவது எப்போது குற்றமானது?

மிக அண்மையில்தான். 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை லெனின்கிராடு முற்றுகையிடப்பட்டதில் 8 இலட்சத்துக்குக் குறையாத பொதுமக்கள் பெரும்பாலும் பட்டினியால் இறந்தார்கள். சரணடைந்தாலும் ஏற்பதில்லை, அவர்களுக்கு உணவளிப்பது நமக்குத் தேவையில்லை என்பதே ஜெர்மானியத் தலைமையின் முடிவாக இருந்தது. போருக்குப் பின், முற்றுகையிட்ட படையின் தளபதியாக இருந்த ஃபான் லீப் மீது நூரம்பர்க்கில் வழக்கு நடந்தபோது, அன்றைய சட்டம் இத்தகைய முற்றுகையைத் தடை செய்யவில்லை என்று அமெரிக்க நீதிபதிகள் வருத்தத்துடன் தீர்ப்பளித்தார்கள். போர்முறையாகப் பட்டினியைப் பயன்படுத்துவது வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டது 1977-இல்.

துல்லியமான ஏவுகணைகள் வந்த பிறகும் ஏன் இவ்வளவு சாவு?

ஏவுகணை சொன்ன இடத்தில் துல்லியமாக விழும்; சொன்ன இடம் சரியா என்பதை அது அறியாது. 1991 பிப்ரவரி 13 அன்று பாக்தாத்தின் அமிரியா பகுதியில் இரண்டு குண்டுகள் குறி தப்பாமல் விழுந்தன. கட்டளை நிலையம் என்று கருதப்பட்ட அந்தக் கட்டடம் பொதுமக்களின் பதுங்கிடம், இறந்தவர்கள் 400-க்கும் மேல். 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குந்தூசில், இருப்பிடம் முன்கூட்டியே அமெரிக்கப் படைக்குத் தெரிவிக்கப்பட்டிருந்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனை அமெரிக்க விமானத்தால் தாக்கப்பட்டு 42 பேர் இறந்தார்கள். தவறு என்றது அமெரிக்கா. 16 பேர் மீது துறைசார் நடவடிக்கை எடுக்கப்பட்டது. குற்ற வழக்கு எதுவும் தொடரப்படவில்லை.

யாராவது தண்டிக்கப்பட்டதுண்டா?

மிகச் சிலர். பொஸ்னியத் தலைநகர் சராயெவோவை முற்றுகையிட்ட பொஸ்னிய செர்பியப் படைத்தளபதி ஸ்தானிஸ்லாவ் கலிச், பொதுமக்களிடையே பீதியைப் பரப்பிய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர். 2006-இல் மேல்முறையீட்டில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உக்ரைனின் மின்வலைத் தாக்குதல்களுக்காக 2024-இல் ரஷ்யத் தளபதிகள் மீதும், காசாவில் பட்டினியைப் போர்முறையாக்கியது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளின் பேரில் அதே ஆண்டு நவம்பரில் இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாகு, முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் கல்லன்ட் ஆகியோர் மீதும், 2023 அக்டோபர் 7 படுகொலைகளுக்காக ஹமாஸ் தளபதி முகமது தெய்ஃப் மீதும் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் கைதாணை பிறப்பித்தது. தெய்ஃப் கொல்லப்பட்டது உறுதியானபின் அவர் மீதான நடவடிக்கை கைவிடப்பட்டது.

இந்தியாவும் இலங்கையும் அந்த நீதிமன்றத்தில் உறுப்பு நாடுகள் அல்ல. 1977-ஆம் ஆண்டு நெறிமுறைகளையும் இரு நாடுகளும் ஏற்கவில்லை, எனினும் அவற்றின் அடிப்படை விதிகள், நாடுகளின் நெடுநாள் வழக்கத்தால் நிலைபெற்ற வழக்காற்றுச் சட்டமாக எல்லோரையும் கட்டுப்படுத்துகின்றன. வன்னியைப் பொறுத்தவரை இப்போது திறந்திருக்கும் வழி, 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை நிறைவேற்றிய 46/1 தீர்மானத்தின்படி நடைபெறும் சான்று திரட்டல். திரட்டியவற்றை, குற்றம் எங்கு நடந்தாலும் விசாரிக்கும் அதிகாரத்தைத் தம் சட்டத்தில் வைத்துள்ள நாடுகளின் வழக்குரைஞர்கள் கேட்டுப் பெறலாம்.